கரடி வந்தா உள்ள போகணும்

கோத்தகிரி மலையில குண்டுமேடுன்னு ஒரு ஊரு. மேப்புல தேடாதீங்க. மேப்பு போட வந்தவரு அந்த ஊர்க்காரங்ககிட்ட வழி கேட்டுட்டு இன்னும் சுத்திக்கிட்டிருக்காரு.

அங்க ஆறுச்சாமிக்கு ஒரு போண்டாக் கடை. தகரச் சுவரு, ஒத்தக் கதவு. எண்ணெ வாசம் புடிச்சுக்கிட்டு ஒரு கருங்கரடி ரெண்டு தடவ கதவ உடைச்சு டின்ன நக்கிட்டுப் போயிருச்சு.

பாரஸ்ட் ரேஞ்சர் வந்து ஊரக் கூட்டினாரு. "கரடியோட அனுசரிச்சு வாழக் கத்துக்கங்க. அதப் பாத்தா ஓடக்கூடாது. கையத் தூக்கிப் பெருசா நிக்கணும். ஊருக்குள்ள வந்துட்டா எல்லாரும் உள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுக்கணும். யோவ் ஆறுச்சாமி, இன்னொரு தடவ கரடி கதவ உடைச்சுது, கடைக்கு சீல்தான்!"

ஆறுச்சாமிக்குச் சோறு எறங்கல. கடைய விட்டா வேற பொழப்பு இல்ல.

"மூடியிருந்தாத்தான மாப்ள உடைக்கும்?"ன்னாரு பால்காரரு குப்பாண்டி.

"அட ஆமா மாமா! தொறந்து போட்டா?"

"உடைக்கவே முடியாது. அதுக்கு அவமானமாப் போயிரும்."

மறுநாள் சாயங்காலம் ஆறுச்சாமி தண்ணி புடிச்சுட்டு வந்து மொதல்ல கதவப் பாத்தாரு. ஒரு கீறல் இல்ல. மனசு குளுந்துச்சு. அப்புறந்தான் உள்ள பாத்தாரு. கரடி டின்னுக்குள்ள மூஞ்சிய விட்டிருந்துச்சு.

"கரடி வந்திருச்சு!"

ஊரே கூடிருச்சு.

"வந்தா என்ன செய்யணும்?"னு கேட்டா கீரைக்கார ரங்கநாயகி.

"உள்ள போகணும்."

"அதும் உள்ளதான இருக்கு?"

குப்பாண்டி யோசிச்சாரு. "கரடி உள்ள இருந்தா போகாதன்னு ரேஞ்சர் சொன்னாரா?"

"சொல்லலியே."

"அப்ப நட."

யாரும் ஓடல. வரிசையா உள்ள போனாங்க. தாழ்ப்பாளப் போட்டாங்க. எல்லாரும் கையத் தூக்கினாங்க. கரடியும் எந்திரிச்சு ரெண்டு கையையும் தூக்குச்சு.

"அதும் ரேஞ்சர் கூட்டத்துக்கு வந்திருக்கும்போல!"ன்னா ரங்கநாயகி.

அடுத்த நொடி பின்சுவத்துத் தகரத்தப் பொளந்துக்கிட்டு கரடி ஓட்டம்.

"ஓடக்கூடாதுன்னு அவ்ளோ சொல்லியும் கேக்கலியே"ன்னு குப்பாண்டிக்கு வருத்தம்.

ரேஞ்சர் வந்தாரு.

"கதவுல கீறல் இல்லீங் சார்"னாரு ஆறுச்சாமி.

"சுவத்துல என்னய்யா?"

"அது உள்ள வந்ததில்லீங், வெளிய போனது."

அவரு கதவுக்கு சீல் வெச்சுட்டுப் போயிட்டாரு.

ஆனா சீல் கதவுக்குத்தான? காலையில சனம் மொத்தமும் கரடி போட்ட ஓட்டையில தவழ்ந்து உள்ள வந்துச்சு. போண்டா வேகறதுக்குள்ள ஓட்டையில ஒரு கருப்பு மூக்கும் எட்டிப் பாத்துச்சு.

"கரடி! எல்லாரும் உள்ள போங்க!"

"உள்ளதான மாப்ள இருக்கோம்?"

ஆறுச்சாமி திகைச்சுட்டாரு. "அப்ப மொதல்ல வெளிய போங்க! அப்பத்தான உள்ள போக முடியும்!"

கரடி ஒதுங்கி வழி விட்டுச்சு. எல்லாரும் வெளிய தவழ்ந்து, மறுபடி உள்ள தவழ்ந்தாங்க.

"தாழ்ப்பாள் போடுங்க!"

"ஓட்டைக்கு ஏது மாப்ள தாழ்ப்பாள்?"

கடை போச்சுன்னு ஆறுச்சாமி தலையில கை வெச்சாரு. அந்நேரம் வரிசையில கடைசியா வந்த கரடி பாதி ஒடம்ப உள்ள விட்டு, தகர நுனியில இடுப்பு மாட்டி, அதுக்கு மேல வர முடியாம ஓட்டைய கச்சிதமா அடைச்சுக்கிச்சு.

"அப்பாடா, இனி ஒண்ணும் உள்ள வராது"ன்னு ஆறுச்சாமி மூச்சு விட்டு, மொதப் போண்டாவ ஊதி ஆறவெச்சுத் தாழ்ப்பாளுக்குக் குடுத்தாரு.