நிறம் போன தண்ணீர்

சாயப்பட்டறையில் இருபத்தாறு வருடம் நிறம் கலந்தவர் சென்னியப்பன். ஐம்பத்து மூன்று வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான பேராசிரியர் தில்ஷாத்திடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்கால் அவருடைய ஊர் வழியாகத்தான் போகிறது. ஏன் சேர்ந்தீர்கள் என்று தில்ஷாத் கேட்டதில்லை.

நான்காம் வருடம், ஒரு வியாழக்கிழமை. பீட்ரூட் சாறு போலிருந்த கழிவுநீரில் இரும்பு கலந்த கருந்துகள்களைப் போட்டு வெயிலில் வைத்தார் சென்னியப்பன். வெயில் பட்டதும் துகள்கள் வேலையைத் தொடங்கின. அரை மணியில் சிவப்பு வெளுத்தது. குடுவையின் கண்ணாடிச் சுவரோடு ஒரு காந்தத்தை வைத்தார். துகள்கள் எல்லாம் அதனருகே வந்து ஒட்டிக்கொண்டன. குடுவையின் அடி தெரிந்தது.

அதைத் தில்ஷாத்திடம் எடுத்துப்போய்க் காட்டினார்.

“சுத்தமாயிருச்சுங்க மேடம். பட்டறைத் தொட்டியில இதையே செஞ்சு, திங்கக்கிழமை வாய்க்கால்ல விட்டுடலாம்னு ஊர்ல சொல்லியிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதுங்க.”

“வெங்காயம் கிடைக்குமா?” என்றார் தில்ஷாத்.

கேன்டீனிலிருந்து இரண்டு வெங்காயம் வந்தது. ஒன்றைக் குழாய்த் தண்ணீர் இருந்த டம்ளரின் வாயிலும், மற்றதைத் தெளிந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வாயிலும் உட்கார வைத்தார்.

“வேர் விடுதான்னு திங்கக்கிழமை பார்க்கலாம்.”

திங்கட்கிழமை காலை, குழாய்த் தண்ணீரில் விரல் நீளத்துக்கு வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன. மற்றதில் வேர் கிளம்பிய இடமெல்லாம் பழுப்புப் புள்ளிகளாகக் கருகியிருந்தன.

சென்னியப்பனின் போன் அடித்தது. ஊரிலிருந்துதான். அவர் எடுக்கவில்லை.

“நிறமே இல்லீங்களே மேடம்.”

“சாயத்தை உங்க துகள் உடைச்சிருக்கு. உடைஞ்ச துண்டெல்லாம் தண்ணியிலதான் இருக்கு. அதையும் உடைக்கணும்.”

“எத்தனை நாளாகுங்க?”

“தெரியலை. இன்னும் ஒரு வருஷம் ஆகலாம்.”

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தச் சாயத்தைக் கலந்தவனே நான்தானுங்க. அங்க எல்லாரும் காத்துட்டிருக்காங்க. முழுசா இல்லாட்டியும், முன்ன போன தண்ணிக்கு இது தேவலைதானுங்களே?”

தில்ஷாத் அந்தத் தெளிந்த தண்ணீரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“சிவப்பா இருந்தவரைக்கும் அதுல மாடுகூட வாய் வைக்கலை. இனிமே வைக்கும்.”