பூட்டனுக்கு ஒரு மனு

கீழப்பாறைக்குளத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எப்போதாவது இருந்திருந்தால்தானே பஞ்சம் வரும்!

அந்த ஊரின் மூன்று மேதைகள் ஆவுடையப்பன், கொம்பையா, பட்டமுத்து. அண்ணன் தம்பிகள். மூத்தவருக்கு அறுபது, கடைக்குட்டிக்கு ஐம்பது. மூவருக்கும் சேர்த்து ஒரு வாழைத்தோட்டம், ஒரு கிணறு. வாழை குலை தள்ளுகிற நேரமாகப் பார்த்து, பக்கத்துத் தோட்டத்து அனஞ்சி, “கிணறு எங்க பாட்டன் வெட்டினது” என்று மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை தாசில்தார் விசாரணை. இன்னும் பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் வாழை மொத்தமும் போச்சு.

“வீட்டுல இருக்கிற பழைய காகிதம் ஒண்ணு விடாம கொண்டாங்க அண்ணாச்சி” என்றார் தாலுகா ஆபீஸ் பதிவறை கிளார்க் எஸ்தர் அம்மா.

மறுநாள் ஒரு குட்டியானை வண்டி நிறையக் காகிதம் வந்து இறங்கியது. பழைய காலண்டர், பஸ் டிக்கெட், வடை மடித்த தாள். தப்பித்தவறி தாத்தாவின் ஜாதக ஓலையும் கூட வந்திருந்தது. அதில் தகப்பன் பெயர் சிவனணைஞ்சான். அதை வைத்துக்கொண்டு தும்மித் தும்மிப் பழைய இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார் அந்த அம்மா. கிடைத்தேவிட்டது.

“சிவனணைஞ்சான். வயது முப்பத்திரண்டு. 1893 ஐப்பசியில், தன் சொந்தக் கிணற்றில் தவறி விழுந்து இறந்தார்.”

“முப்பத்திரண்டா?” கொம்பையா முகம் சுளித்தார். “நம்ம பட்டமுத்துவை விடச் சின்னப் பயலாட்டு இருக்கானே. இவன் எப்படிண்ணே நமக்குப் பூட்டன்?”

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தார். “வயசுல சின்னவரு, முறையில பெரியவரு. வாங்கன்னும் சொல்லவேண்டாம், வாலேன்னும் சொல்லவேண்டாம்.”

“அதை விடுங்க. இறந்தார்னுல்லா போட்டிருக்கு!” என்றார் பட்டமுத்து.

அவ்வளவுதான். மூன்று பேரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சேதி இன்றைக்குத்தான் வந்தது, ஆகவே தீட்டும் இன்றைக்குத்தான் ஆரம்பம். ஆபீஸ் குழாயிலேயே தலை முழுகினார்கள்.

“அழாதீங்க அண்ணாச்சி! சொந்தக் கிணறுன்னு எழுதியிருக்கு. நீங்க ஜெயிச்சாச்சு!” என்று எஸ்தர் அம்மா தன் கையாலேயே நகல் எழுதி நீட்டினார். தீட்டுக்காரர்கள் தொட மறுத்ததால், அதைத் தாசில்தார் மேஜைக்கும் அவரே தூக்கிப்போக வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை தாசில்தார் நகலைப் படித்தார். “சந்தேகமே இல்லை. கிணறு உங்களோடதுதான்.”

ஆவுடையப்பன் பதறி எழுந்தார். “ஐயையோ, வேண்டாங்கய்யா! ஒரு உயிரைக் குடிச்ச கிணறு. எங்களோடதுன்னா நாளைக்குப் போலீஸ் எங்களைத்தானே பிடிக்கும்? அது அனஞ்சியோட கிணறு!”

“யாரோடது, என்னோடதா?” அனஞ்சி துள்ளி எழுந்தார். “நான் அந்தக் கிணத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை சாமி!” பூட்டுச் சாவியை மேஜையில் வீசிவிட்டு அவர் ஓடியே போனார்.

தாசில்தார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு வேண்டாம், அவருக்கும் வேண்டாம். பேசாம உங்க பூட்டன்கிட்டயே மனு கொடுத்துத் தண்ணி வாங்கிக்கோங்க. போங்கய்யா வெளியே!”

அரசாங்க உத்தரவாச்சே! வீட்டுக்கு வந்து, “கிணற்றில் இருக்கும் சிவனணைஞ்சான் சமூகத்திற்கு” என்று பணிவோடு மனு எழுதி, கையெழுத்திட்டு, மூன்று பேரும் சேர்ந்து கிணற்றுக்குள் போட்டார்கள். கரையில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தார்கள். நாலு நாள் போனது. வாழை இலையெல்லாம் தொங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் பட்டமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அனஞ்சி வீசிவிட்டுப் போன சாவியை எடுத்துப்போய் மோட்டாரைப் போட்டார். அது ‘கர்’ரென்று இரைந்துவிட்டு நின்றது. குழாயைத் தூக்கிப் பார்த்தால், அடியில் மனு சிக்கிக்கொண்டிருக்கிறது.

“பூட்டன் திருப்பி அனுப்பிட்டாருண்ணே!” என்று அழுதார் பட்டமுத்து.

ஆவுடையப்பன் நனைந்த மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “பின்னே அனுப்பாம? அவரு இறந்ததுக்கு அத்தாட்சி இணைக்கவே இல்லையேலே!”