நூறு மூச்சு மருந்து

சீன தேசத்து மலைச்சாரலில், மூங்கிலும் வாதுமை மரங்களும் நெருங்கி வளர்ந்த ஒரு காட்டில், ஓர் அணில் இருந்தது. அதற்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் நல்ல உழைப்பாளி. பனி விழத் தொடங்கினால் மூன்று மாதம் அந்தக் காட்டில் ஒரு கொட்டை கிடைக்காது. அதனால் தனக்கும் தன் இரண்டு குட்டிகளுக்குமாக மரத்தடிப் பொந்து நிறைய வாதுமைக் கொட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தது.

ஒரு நாள் பார்த்தால், பொந்தில் கால்வாசியைக் காணோம்!

"எந்தப் படுபாவி எடுத்தான்? என் பிள்ளைகள் வயிற்றில் அடித்தவன் விளங்குவானா?" என்று காடே அதிரக் கத்தியது அணில். அன்றிலிருந்து அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

அந்தக் காட்டுக்கு வைத்தியர் ஒரு குரங்கு. அணில் அதனிடம் போய், "வைத்தியரே, வயிறு எரிகிறது" என்று கையை நீட்டியது.

குரங்கு மூன்று விரல் வைத்து நாடி பிடித்தது. வழக்கம்போல் "க்கும், க்கும்" என்று செருமிக்கொண்டது.

"கோபம் கல்லீரலைத் தின்னும், அம்மா. உனக்குத் தின்ன ஆரம்பித்துவிட்டது. கொட்டை போனால் வரும், உயிர் போனால் வருமா? தினமும் விடிந்ததும் பொந்துக்கு முதுகைக் காட்டி உட்கார். கண்ணை மூடி, நிதானமாக நூறு மூச்சு எண்ணு. நடுவில் திரும்பிப் பார்த்தாயோ, மருந்து பலிக்காது!"

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்கள். பாவம், அணிலும் நினைக்கவே இல்லை. சொன்னபடி எண்ணியது. படபடப்பு அடங்கியது, பசி எடுத்தது, தூக்கம் வந்தது. மருந்து என்னவோ நல்ல மருந்துதான், பிள்ளைகளே! ஆனால் பொந்து நாளுக்கு நாள் காலியானது.

"வைத்தியரே, கொட்டை இன்னும் குறைகிறதே!"

"பார்த்தாயா, மறுபடியும் கோபம்! இனி இருநூறு மூச்சு எண்ணு."

என்ன நெஞ்சழுத்தம்! வாயில் வாதுமை வாசம் வீச வீச அல்லவா இதைச் சொன்னது!

மறுநாள் அணில் எண்ணிக்கொண்டிருந்தது. மனசு அமைதியானதால் காதும் கூர்மையாகியிருந்தது. நூற்றிருபதாவது மூச்சில், முதுகுக்குப் பின்னால் "கடக்" என்று கொட்டை உடையும் சத்தம். கூடவே, "க்கும், க்கும்."

'அடப்பாவி! திருடுவதும் நீ, கோபப்படாதே என்பதும் நீயா?' அணிலுக்கு ரத்தம் கொதித்தது. பழைய அணிலாக இருந்தால் அங்கேயே பாய்ந்திருக்கும். குரங்கும் மரத்தில் தாவி, "நானா? எப்போது?" என்று கேட்டிருக்கும். அணில் பல்லைக் கடித்துக்கொண்டு இருநூறையும் எண்ணி முடித்தது. பிறகு நேரே பக்கத்துப் புதரில் இருந்த முள்ளம்பன்றியிடம் போய் நடந்ததைச் சொன்னது.

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்து நின்றன. "அக்கா, என் கிழங்குக் குழியும் இப்படித்தான் காலியானது. எனக்கும் நூறு மூச்சுதான் மருந்து!"

அடுத்த நாள் விடிந்தது. அணில் வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பொந்துக்குள் முள்ளம்பன்றி வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. குரங்கு வந்தது, தோள் வரை கையை விட்டது.

"ஐயோ! அம்மா!"

காடே கூடிவிட்டது. குரங்கின் கையெல்லாம் முள்.

"அடியே அணிலே! உன்னைச் சும்மா விடுவேனா!" என்று குரங்கு குதித்தது.

அணில் மெல்லத் திரும்பியது. "கோபம் கல்லீரலைத் தின்னும், வைத்தியரே. கண்ணை மூடி நூறு மூச்சு எண்ணுங்கள். உங்களுக்கு ஊசி வைத்தியம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது!"

பனி விழுவதற்குள் குரங்கின் குகையில் மிச்சமிருந்த கொட்டையும் கிழங்கும் உரியவர்களிடம் வந்து சேர்ந்தன. அந்த அணில் இன்றும் விடிந்ததும் நூறு மூச்சு எண்ணுகிறது. ஆனால் பொந்தைப் பார்த்து உட்கார்ந்து, குரங்கை நன்றாக நினைத்துக்கொண்டே எண்ணுகிறது.

நீதி: மன அமைதி உடம்பைக் காக்கும், ஆனால் தான் அநியாயம் செய்துகொண்டே உன்னை 'அமைதியாக இரு' என்பவனை நம்பாதே.