சிலம்பாயி கட்டாத மூட்டை

ஈச்சங்காட்டில் சிலம்பாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். உடம்பெல்லாம் முள், மனசெல்லாம் வெண்ணெய். யார் எது கேட்டாலும் "அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு" என்பாள். காட்டில் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். பிடிக்காமல் எங்கே போகும்?

அவளுக்கு ஒரே மகள், பெயர் வெள்ளச்சி. பெரிய ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சீமையில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தாள். அது வேறு நாடு. அங்கே ராஜா வேறு, சட்டம் வேறு, பேச்சும் கொஞ்சம் வேறு. இரண்டு கரைக்கும் போய்வருகிற வாலாட்டிக் குருவிதான் சேதி கொண்டுவரும். ஒருநாள் அந்தக் குருவி வாலை ஆட்டிக்கொண்டே வந்து, வெள்ளச்சிக்கு மாசம் நிறைந்துவிட்டது என்று சொன்னது. புருஷன் கிழங்கு தேடிப் போனால் திரும்ப நாளாகுமாம், வேறு சொந்தபந்தம் அவளுக்கு அங்கே யாரும் இல்லையாம், ராத்திரியெல்லாம் பயந்துகொண்டு கிடக்கிறாளாம், வலி எடுக்கும் முன்னே அம்மா வந்து பக்கத்தில் உட்கார வேண்டுமாம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது. ஆனால் நிறைமாசக்காரி எப்படி ஆற்றைக் கடப்பாள்? மகளால் வர முடியாவிட்டால் தாய் போக வேண்டியதுதானே. சிலம்பாயி அதுவரை ஈச்சங்காட்டு எல்லையைத் தாண்டியதில்லை. இருந்தாலும் கிளம்புவதென்று முடிவு செய்துவிட்டாள். புருஷனை வளைக்குக் காவல் வைத்தாள்.

அவளை ஏதோ விவரம் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். பயணத்துக்கு அவள் செய்த ஏற்பாட்டைப் பார்த்தால் நீங்களும் நானும் வெட்கப்பட வேண்டும். குருவியைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டாள். ஆற்றைக் கடக்க யாரைப் பார்ப்பது? ஆமையண்ணனை. எப்போது போவது? நீரோட்டம் தணிந்திருக்கும் காலை வேளையில். அங்கே என்ன கிழங்கு கிடைக்கும், மழை எப்படி, வெள்ளச்சியின் வளையிலிருந்து ஆற்றங்கரை எவ்வளவு தூரம், ஒன்று விடாமல் விசாரித்தாள். அந்த ஊரில் பெரியவர்கள் முன்னால் முள்ளைச் சிலிர்த்தால் மரியாதைக் குறைவு என்று குருவி சொன்னதும், வாசலில் நின்று முள்ளைப் படுக்க வைத்தே நடந்து பழகினாள். மகளுக்குச் சுக்கும் திப்பிலியும் தட்டிப்போட்ட பிரசவ மருந்தை ஒரு தேக்கிலையில் சின்ன மூட்டையாகக் கட்டினாள். அவ்வளவுதான் சாமான். கையை வீசிக்கொண்டு போய்விடலாம்.

அதற்குள் சேதி காடெல்லாம் பரவிவிட்டது. சிலம்பாயி சீமைக்குப் போகிறாளாம்!

முதலில் முயல் வந்தது. அக்கரையில் இருக்கிற தன் தங்கைக்கு அங்கத்துப் புல் வாய்க்குப் பிடிக்கவில்லையாம், ஒரு கட்டு அறுகம்புல் கொண்டுபோக முடியுமா என்று கேட்டது. "அதுக்கென்ன" என்றாள் சிலம்பாயி. முயல் புல்லை அவள் முதுகு முள்ளிலேயே குத்திவைத்துவிட்டுப் போனது. அடுத்தாற்போல் மந்தி வந்து ஓர் உருண்டை புளியைக் குத்தியது. அணில் ஒரு சரம் கொட்டையைத் தொங்கவிட்டது. காட்டுப்பன்றி ஒரு பெரிய சேற்றுக் கட்டியை இலையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. தன் தம்பி அங்கே ஊர் ஏக்கத்தில் இளைத்துப்போனானாம்.

அக்கரையில் சேறு கிடைக்காதா என்று சிலம்பாயி மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். பன்றிக்கு முகம் சுருங்கிவிட்டது. நம்ம ஊர்ச் சேறு மாதிரி வருமா என்று அது திருப்பிக் கேட்டது. அவளும் வாயை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினாள்.

கடைசியாக வந்தது மொக்கையன் என்கிற கரடி. கனத்த தேக்கிலைகளை அடுக்கடுக்காகச் சுற்றி நாரால் இறுக்கிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தான்.

"அக்கா, என் மச்சானுக்குக் கொஞ்சம் பலகாரம். பெரிய கனமெல்லாம் இல்லை. நீங்க போற வழிதானே?"

உள்ளே என்ன பலகாரம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆசையாகக் கொடுக்கிறவனிடம் சந்தேகப்பட்டுக் கேட்டால் நன்றாகவா இருக்கும்? கேட்கவில்லை. தாட்சண்யம் தனநாசம் என்று பழமொழி இருக்கிறது, அவளும் கேள்விப்பட்டதுதான். கேள்விப்பட்டு என்ன செய்ய?

மறுநாள் காலையில் அவள் ஆற்றங்கரைக்கு வந்தபோது, ஒரு சந்தையே நடந்து வருவது போல இருந்தது. ஆமையண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏறச் சொன்னார். அவள் ஏறியதுதான் தாமதம், தண்ணீர் ஓட்டுக்கு மேலே வந்துவிட்டது. இப்படியே போனால் நடு ஆற்றில் இரண்டு பேருக்கும் கருமாதிதான், எதையாவது இறக்கு தாயி என்றார் ஆமை.

சிலம்பாயி கரையில் இறங்கி யோசித்தாள். புல்லை விட்டால் முயல் அழும். சேற்றை விட்டால் பன்றி ஆயுசுக்கும் பேசாது. கரடி பலகாரத்தை விட்டால் ஊரே கேட்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் தன் சின்ன மூட்டையை எடுத்து மணலில் வைத்தாள். அதன் எடையைக் கொண்டு என்ன குறையப்போகிறது? அதனால் பின்னாலேயே கொஞ்சம் சேற்றைச் சுரண்டிப் போட்டாள்.

"அந்த இலை மூட்டை யாரோடது தாயி?" என்று கேட்டார் ஆமை.

"என்னோடதுதான் அண்ணே. மகளுக்கு மருந்து."

"அதையா இறக்குறே?"

"என்னோடதுன்னா, ஏன் விட்டேன்னு கேக்க யாரும் இல்லையே அண்ணே."

ஆமை முதுகைத் தாழ்த்தி அவளை ஏற்றிக்கொண்டார். அவருக்கு எத்தனையோ பயணிகளைத் தெரியும்.

நடு ஆற்றில் அவள் கழுத்தோரம் சுருக் சுருக்கென்று ஏதோ கடித்தது. தண்ணீரைப் பார்த்த பயத்தில் உடம்பு கூசுகிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அக்கரையில் காவல் இருந்தது. மீசை வைத்த ஒரு நீர்நாய், பக்கத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி. யார் கரையேறினாலும் அந்த இருவரையும் தாண்டித்தான் போக வேண்டும். சிலம்பாயி பழகினபடியே முள்ளைப் படுக்க வைத்து, பணிவாகப் பெயரைச் சொன்னாள். நீர்நாய்க்குத் திருப்தி. பிறகு அது அவள் முதுகைப் பார்த்தது.

"இந்த மூட்டையெல்லாம் நீயே கட்டினதாம்மா?"

"இல்லீங்க. ஊர்க்காரங்க கட்டிக் கொடுத்தாங்க."

"இந்தப் பெரிய பொட்டலத்துல என்ன இருக்கு?"

"பலகாரம்னு சொன்னாங்க."

"நீ பார்த்தியா?"

சிலம்பாயி தலையைக் குனிந்துகொண்டாள். நீர்நாய் நாரை அறுத்து இலையை விலக்கியது. உள்ளே இன்னோர் இலைக்கூடு. அதைப் பிரித்ததும் கும்மென்று கிளம்பின பாருங்கள், செக்கச் செவேலென்று முசுறு எறும்புகள்! மொக்கையன் பொய் சொல்லவில்லை. கரடிக்கு முசுறுதான் பலகாரம். நீர்நாயின் மூக்கில் நாலு எறும்பு தொங்கியது. ஆள்காட்டி சிறகை அடித்துக்கொண்டு கரை அதிரக் கத்தியது. அதற்குக் காரணம் இருந்தது. ஆள்காட்டிகள் தரையில் முட்டையிடுகிறவை. முன்பு ஒருமுறை இப்படித்தான் யாரோ கொண்டுவந்த முசுறு பரவி, ஓடு உடைத்து வெளியே வந்த குஞ்சுகளை உயிரோடு தின்றுவிட்டது. அதிலிருந்துதான் அங்கே காவலே போட்டார்கள்.

நீர்நாய் கூட்டைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஓர் எறும்பு தப்பாமல் முடித்துவிட்டு வந்தது. மூக்கு வீங்கியிருந்தது.

"ஐயா, அது என்னோடது இல்லீங்க" என்றாள் சிலம்பாயி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"உன் முள்ளுல இருந்தா அது உன்னோடதுதாம்மா."

அதற்குமேல் சட்டம் தன் வேலையைச் செய்தது. எல்லாப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் அவளை விட முடியும். நீர்நாய் கொடுமைக்காரன் இல்லை, ஆனால் ஒழுங்குக்காரன். அறுகம்புல்லை இழை இழையாக உதறியது. புளியிலிருந்து கொட்டையைப் பொறுக்கி எடுத்தது. சேற்றுக் கட்டியை உடைத்து, அதில் புழு உண்டா என்று தண்ணீரில் கரைத்துக் கரைத்துப் பார்த்தது. வெயில் உச்சிக்கு ஏறி மேற்கே சாய்ந்தது. சிலம்பாயி நின்ற இடத்திலேயே நின்றாள்.

அப்போது ஒரு கௌதாரி மூச்சிரைக்க ஓடிவந்தது. வெள்ளச்சியின் பக்கத்து வீடு அது. வெள்ளச்சிக்கு வலி எடுத்துவிட்டது, அம்மா அம்மா என்று கூப்பிடுகிறாள், இன்னும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டது.

சிலம்பாயி தன்னை விட்டுவிடும்படி நீர்நாயைக் கெஞ்சினாள். நீர்நாய் மீதமிருந்த கொட்டைச் சரத்தையும் இலைச் சுருள்களையும் காட்டியது. மூட்டை இருக்கும்வரை சோதனையும் இருக்கும், அது தன் கையில் இல்லை என்றது.

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். பன்றியின் சுருங்கிய முகம் தெரிந்தது. முயலின் கண்ணீர் தெரிந்தது. அதற்கெல்லாம் மேலே, இருட்டு வளைக்குள் தனியாகக் கிடந்து தன்னைக் கூப்பிடுகிற மகள் தெரிந்தாள். சிலம்பாயி உடம்பை ஓர் உதறு உதறினாள். அத்தனை முள்ளும் கலகலவென்று சிலிர்த்து எழுந்தன. ஒட்டியிருந்தது, தொங்கியது, குத்தியிருந்தது எல்லாம் சிதறி மணலில் விழுந்தன.

"எல்லாத்தையும் ஆத்துல விட்டுடுங்க."

"திரும்பிப் போனா ஊர்ல கேப்பாங்களேம்மா" என்றது நீர்நாய்.

"கேக்கட்டும்."

ஒட்டியிருக்கிற எறும்பு போகத் தலைமுழுகிவிட்டு ஓடச் சொன்னது நீர்நாய். முழுகி எழுந்து ஓடினாள். அப்படியொரு ஓட்டத்தை எந்த முள்ளம்பன்றியும் ஓடியிருக்காது. மேடு பள்ளம் பார்க்கவில்லை. கால் தடுக்கி விழுந்தாள், எழுந்து ஓடினாள். கௌதாரி பின்னால் வருகிறதா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வளைக்குள் நுழைந்தபோது குட்டி பிறந்துவிட்டிருந்தது. கௌதாரியின் அம்மாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாளாம். தாயும் பிள்ளையும் நலம். சிலம்பாயி குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் வெள்ளச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கேம்மா போயிட்டே? உயிர் போற மாதிரி வலிச்சுது. உன்னைத்தானே கூப்பிட்டேன்."

சிலம்பாயி எதையும் மறைக்கவில்லை. புல், புளி, சேறு, முசுறு எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து மூட்டையை ஈச்சங்காட்டுக் கரை மணலில் விட்டுவிட்டு வந்ததையும் சொன்னாள். வெள்ளச்சி முகத்தை அம்மா பக்கம் திருப்பினாள்.

"உடம்பெல்லாம் இத்தனை முள்ளு வச்சிருக்கியே, நாக்குல ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மகளுக்கும் அப்படித்தான். கௌதாரியின் அம்மா எழுந்து போய் அந்த ஊர் வேர் ஒன்றை இடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் நல்ல மருந்துதான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வளை வாசலில் ஒரு பெரிய நிழல் விழுந்தது. மொக்கையனின் மச்சான் கரடி வந்து நின்றான். குட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகாரம் எங்கே என்றான். அது ஆற்றோடு போயிற்று என்று சிலம்பாயி சொன்னாள். உச்சுக் கொட்டினான். சரி, பரவாயில்லை, அவள் ஊருக்குத் திரும்பும்போது அத்தான் மொக்கையனுக்குத் தான் ஒரு சின்னப் பொட்டலம் தருவதாகவும், அதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடும்படியும் சொன்னான்.

வெள்ளச்சி அம்மாவைப் பார்த்தாள். சிலம்பாயிக்குப் பழக்க தோஷம், "அதுக்கென்ன" என்று தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"முடியாது தம்பி."

கரடி வாயைப் பிளந்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சரி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இவ்வளவு லேசான காரியத்தைச் செய்யாமலா மகளின் பிரசவத்தைத் தவறவிட்டோம் என்று நினைத்து, சிலம்பாயி அன்றைக்கெல்லாம் குட்டியை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

ஆகவே, அயல்நாட்டுக்குக் கிளம்புகிறவர் எவ்வளவு விவரமாகத் திட்டம் போட்டாலும், ஊர் முகத்துக்கு அஞ்சித் தான் கட்டாத மூட்டையைச் சுமந்தால், போன காரியத்தைக் கோட்டைவிடுவார்.