பத்தாவரி வீட்டைத் தூக்கிய சனிக்கிழமை

"எனக்கு நாலு இடத்துல நிலம் இருக்கு, குருவம்மா. குடியிருக்கத்தான் இடமில்லை."

பத்தாவரி இதைச் சொன்னது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். குரு பெஸ்ஸே வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

சுலவேசித் தீவின் மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊர் அது. பெஸ்ஸேவுக்கு நாற்பது வயது இருக்கும். காலையில் குழந்தைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பார். சாயங்காலம் பெரியவர்கள் கேள்விகளோடு வருவார்கள். பத்தாவரி அறுபதைத் தாண்டியவர். வருகிறவர்களில் அதிகம் கேட்பவர் அவர்தான்.

"இப்ப இருக்கிற வீடு என்ன ஆச்சு?"

"வீடு என்னோடதுதான். அதுக்குக் கீழே இருக்கிற மண்ணைத்தான் வித்துட்டேன்."

அந்த ஊரில் இது விசித்திரமான பேச்சு இல்லை. அங்கே வீடுகள் மரத்தால் ஆனவை, உயரமான தூண்கள் மேல் நிற்பவை. மண் வேறு, வீடு வேறு. மண்ணை விற்றவர் வீட்டை எடுத்துக்கொண்டு போவார். பிரித்து அல்ல, முழுசாக. தூண்களுக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, ஊர் ஆண்கள் எல்லோரும் தோள் கொடுத்துத் தூக்கிப் போய்ப் புது இடத்தில் வைப்பார்கள். கூலி கிடையாது. காபி உண்டு. வாழையிலையில் பொதிந்து அவித்த பழப் பலகாரம் உண்டு.

மண்ணை வாங்கியவர் நகரத்துக்காரர். "வீட்டை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"என்னோட வந்துடும்" என்றிருக்கிறார் பத்தாவரி.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு, மாதக் கடைசிக்குள் இடம் காலியாக வேண்டும் என்று சொல்லிப் போனார். தவறினால் அவரே ஆள் வைத்து வீட்டை உடைத்துப் போடலாம் என்று ஒப்பந்தம்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது.

"நாலுல ஒண்ணுல வைக்க வேண்டியதுதானே?" என்றார் பெஸ்ஸே.

"எதுல வைக்கிறது? சாலை பிரியற இடத்து நிலத்துல பெட்ரோல் பங்க் வரும்னு தரகர் ஹெந்த்ரா சொல்றார். வீடு நின்னா எவன் வாங்குவான்?"

"தென்னந்தோப்பு?"

"கடலைப் பார்த்த இடம். வெளிநாட்டுக்காரங்க வந்து பார்ப்பாங்களாம். அந்த நேரத்துல என் கைலி கொடியில காயக் கூடாதாம்."

"வயலோரம்?"

"அங்கே மனை போடப் போறாங்க."

"மலையடிவாரம் வெறும் கல்லாச்சே. அதுக்குமா?"

"கல்லுக்குத்தான் இப்ப கிராக்கி."

பெஸ்ஸே மீனைத் திருப்பிப் போட்டார்.

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"சென்னிங்கா? கோழிக்கூட்டை எங்கே வைக்கிறதுன்னு கேட்கிறா. விடிஞ்சா அதே கேள்வி. அவளுக்கு உலக நடப்பு தெரியாது."

"நல்ல கேள்வியாத்தானே இருக்கு."

"என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க, குருவம்மா. இந்த நாலுல விலை ஏறாத நிலம் எது? அதைக் காட்டிக்கொடுங்க. அதுல குடியிருந்துக்கிறேன்."

பெஸ்ஸே கையைக் கழுவினார்.

"நாளைக்குத் தொழுகை முடிஞ்சதும் இத்ரிஸை அறிவிக்கச் சொல்லுங்க. சனிக்கிழமை காலையில தூக்கிடலாம்."

"எங்கே வைக்கிறது?"

"முதல்ல தூக்கலாம்."

பத்தாவரி காத்திருந்தார். பெஸ்ஸே மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இத்ரிஸ் மீன்பிடிக்கிறவர். வீடு தூக்கும்போது எண்ணிக்கை சொல்கிற வேலை அவருடையது. ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் கரையிலிருந்து படகுக்குக் கேட்கும். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முற்றத்தில் நின்று அறிவித்தார். எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள்.

எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இடம் முடிவாகாமல் ஊரைக் கூப்பிட்டவர் அதுவரை யாரும் இல்லை.

சனிக்கிழமை காலையில் கட்டிலும் அலமாரியும் பக்கத்து வீட்டுக்குப் போயின. சென்னிங் மட்டும் இறங்க மறுத்துவிட்டார். கூடையில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"இறங்கு சென்னிங், கனம் குறையும்" என்றார் பத்தாவரி.

"இந்த மனுஷனை நம்பி இறங்கினா வீடு ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் நிற்பேன்" என்றார் சென்னிங், கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்து.

"இருந்துட்டுப் போகட்டும். அக்கா கனமில்லை, அண்ணன் ஆசைதான் கனம்" என்றது ஒரு குரல்.

ஆண்கள் வீட்டுக்கு அடியில் நுழைந்தார்கள். இத்ரிஸ் எண்ணினார். வீடு எழுந்தது. தெருநாய்கள் குரைத்தன.

தூக்கிய வீட்டை வழியில் இறக்கி இளைப்பாறுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. தூண் தரையைத் தொட்டால் அதுதான் இடம். வீட்டுக்காரர் முன்னால் நடக்க வேண்டும். அவர் நிற்கிற இடத்தில் வீடு நிற்கும்.

"எந்தப் பக்கம்?" என்றார் இத்ரிஸ்.

பத்தாவரி குருவைப் பார்த்தார். குரு பத்தாவரியைப் பார்த்தார்.

"சாலையோட வாங்க" என்றார் பத்தாவரி. நான்கு நிலங்களும் அந்த ஒரே சாலையில், அடுத்தடுத்து இருந்தன.

சாலை பிரிகிற இடம் வந்தது. பத்தாவரி நின்றார். வீடும் நின்றது. அவர் காலி மண்ணைப் பார்த்தார். அங்கே வண்டிகள் வரிசையில் நின்று பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் போகலாம்."

தென்னந்தோப்பில் தரகர் ஹெந்த்ரா மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார்.

"ஐயா, இங்கே மட்டும் வேண்டாம். நேத்துத்தான் ஒருத்தர் போட்டோ கேட்டிருக்கார். போட்டோவுல உங்க வீடு தெரிஞ்சா படம் கெட்டுப்போகும்."

"யாரது, தரகரா?" என்று வீட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "உள்ளே வரச் சொல்லுங்க. இடது பக்கம் ஒரு ஆள் குறையுது."

ஹெந்த்ராவுக்கு வேறு வேலை ஞாபகம் வந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் பத்தாவரி.

வயலோரத்தில் அவர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கே தண்ணி நிற்கும் போலிருக்கே."

"மனை வாங்க வர்றவனுக்கு மட்டும் நிற்காதா?" என்றார் சென்னிங் ஜன்னலிலிருந்து.

அடியில் சிரித்தார்கள். வீடு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"சிரிக்காதீங்கப்பா, தோள் வழுக்குது!" என்று கத்தினார் இத்ரிஸ்.

மலையடிவாரத்தில் பத்தாவரி நிலத்தை ஒரு முறை சுற்றி வந்தார். ஒரு கல்லை எடுத்துக் கையில் எடை பார்த்தார். பிறகு திரும்பி, கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"முதல்ல பார்த்த இடத்துக்கே திரும்பிப் போகலாமா?"

மூங்கில்கள் முனகின.

"பத்தாவரி அண்ணே," என்றார் இத்ரிஸ், "இது வீடு. பாய்மரம் கட்டின படகு இல்லை, காத்துக்குக் காத்து திருப்பறதுக்கு."

"நிலம் விலை ஏறுதோ இல்லையோ, வீட்டுக் கனம் ஏறிக்கிட்டே போகுது" என்றார் ஒருவர்.

"ராத்திரி எனக்கு மச்சான் வீட்டு விருந்து. அதுக்குள்ளே முடியுமான்னு கேளு" என்றார் இன்னொருவர்.

"கேட்காதே. விருந்து வீடும் விலை ஏறும்னு சொல்லுவார்."

பத்தாவரி குருவிடம் வந்தார்.

"நீங்களே ஒரு இடத்தைச் சொல்லிடுங்க, குருவம்மா. எங்கே வச்சாலும் மூணு இடம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் என்ன செய்யட்டும்?"

"இடது பக்கம் ஒரு ஆள் குறையுதாமே."

"ஆமாம்."

"உள்ளே போங்க."

"வீட்டுக்காரன் முன்னால நடக்கணுமே. அதுதானே வழக்கம்?"

"முன்னால நான் நடக்கிறேன்."

பத்தாவரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு அடியில் போனார். இடது பக்கத்து மூங்கில் அவர் தோளில் இறங்கியது.

அங்கிருந்து நிலம் தெரியவில்லை. கடல் தெரியவில்லை. தலைக்கு மேலே தரைப்பலகை. முன்னால் ஒருவருடைய கழுத்து, அதில் வழிகிற வியர்வை. கீழே கால்கள்.

வீடு நகர்ந்தது. ஒரு முறை திரும்பியது. சற்று தூரம் போய் மறுபடி திரும்பியது. அதற்குப் பிறகு எத்தனை முறை திரும்பியது என்று பத்தாவரிக்குக் கணக்குத் தவறிவிட்டது.

"எங்கே போறோம்?" என்று முன்னால் இருந்த கழுத்திடம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே வீட்டுக்காரர்" என்றது கழுத்து.

தோள் முதலில் வலித்தது. பிறகு எரிந்தது. பிறகு தோள் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவர் வேறெதையும் கேட்கவில்லை. முன்னால் போகிறவர் கால் எடுத்து வைத்தபோது தானும் எடுத்து வைத்தார்.

வீடு நின்றது.

"பத்தாவரி!" வெளியே குருவின் குரல். "இப்ப நிற்கிறது உங்க நாலு நிலத்துல ஒண்ணு. இங்கே வைக்கலாமா?"

"வைக்கலாம்."

"எந்த நிலம்னு நீங்க கேட்கலையே?"

வீட்டுக்கு அடியிலிருந்து உடனே பதில் வந்தது.

"எனக்கு முன்னால நிற்கிறவருக்குக் கால் நடுங்குது, குருவம்மா. இறக்குங்க."