பாத்தியில் கேட்ட சத்தம்

அருளப்பன் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கதை எழுத ஆசை வந்தது. தன்னைவிட இருபது வயது சிறியவரான எழுத்தாளர் தமயந்தியிடம் ஞாயிறுதோறும் கற்றுக்கொள்ளப் போனார்.

முதல் கதையை மனைவி செல்லக்கிளியைப் பற்றி எழுதினார். அவளும் அதே உப்பளத்தில் வேலை பார்த்தவள். வெயிலில் மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கிப்போனவள்.

தமயந்தி முதல் பக்கத்தைப் படித்தார். அதில் உப்பளம் வெள்ளிப் பட்டு விரித்தது போலிருந்தது. மனைவி அந்தப் பட்டில் அன்னம்போல் நடந்தாள். அவர் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இல்லையா, டீச்சர்?"

"அவங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"இல்லை."

"காட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலமே படித்துக் காட்டினார். செல்லக்கிளி கீரை ஆய்ந்துகொண்டே கடைசிவரை கேட்டாள்.

"அழகா இருக்கு. இது எந்த ஊரு உப்பளம்? நான் போனதில்லையே."

அருளப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, நீ போன உப்பளம் எப்படி இருந்தது என்று கேட்டார். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் முதல் முறையாகக் கேட்டார்.

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். காலில் வெடிப்பு விழுந்தால் உப்புப் பாத்தியில் முதல் அடி வைக்கும்போது உச்சந்தலைவரை எரியும். வீட்டில் சோற்றைப் பிசையும்போதும் விரல் எரியும். கண்ணை மூடினாலும் வெள்ளையாகவே தெரியும்.

பிறகு கீரையைக் கீழே வைத்தாள்.

"விடியுமுன்ன பாத்தியில இறங்குவோம்லா, உப்பு ஏடு கட்டியிருக்கும். மிதிச்சா நறநறன்னு கேக்கும். நம்ம மூத்தவன் தூக்கத்துல பல்லக் கடிப்பான் பாருங்க, அதே சத்தம். அவனைத் தூங்கப் போட்டுட்டு வந்திருப்பேன். அந்தச் சத்தம் கேட்டா, கூடவே வந்துட்டான்னு இருக்கும்."

அருளப்பன் அந்தப் பாத்திகளின் வரப்பில் தினமும் நடந்தவர். செருப்புக் காலோடு நடந்தவர். இப்படி ஒரு சத்தம் இருந்ததே அவருக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுவதும் கதையைத் திரும்ப எழுதினார். பட்டும் அன்னமும் போயின. நான்கு பக்கம் இரண்டாகச் சுருங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி அதைப் படித்தார். ஓரிடத்தில் நின்று, முந்தைய வரிக்குப் போய் மறுபடியும் படித்தார்.

"அலங்காரத்தை எல்லாம் அடிச்சிட்டேன் டீச்சர்," என்றார் அருளப்பன். "அந்தப் பல் கடிக்கிற வரி மட்டும் நிக்குது. அதுவும் உவமைதானே. எடுத்துடவா?"

தமயந்தி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எடுத்தா அந்தப் பிள்ளை வீட்டில தனியாக் கிடக்கும், சார்."