துணி மூடிய உரல்

ணங்… ணங்… ணங்.

முற்றத்தில் நிலாவாரை இலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆவுடையப்பனின் கை நின்றது. இரும்பு உரல் சத்தம். ஆனால் இடிப்பது உலகம்மாள் இல்லை. அவர் கை இவ்வளவு அவசரப்படாது.

மருந்தறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்தார். எலும்பு கட்டுகிற மீரான் ராவுத்தர் உட்கார்ந்து பச்சிலை இடித்துக்கொண்டிருந்தார். உலக்கை இறங்க மட்டும் இடம் விட்டு, உரலின் வாயைத் துணியால் மூடியிருந்தார்.

நம் உரலில் இடித்து நமக்கே ஒளிக்கிறாரா!

நேரே உலகம்மாளிடம் போனார். வைத்தியசாலை அவருடையது. வயதில் இளையவர்தான். ஆனாலும் அவருடைய அப்பா போன பிறகு ஆவுடையப்பனுக்கு அவர்தான் குரு.

“இந்த ராவுத்தரை எதுக்கும்மா உள்ள விட்டீங்க?”

“அவருக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாது, அண்ணாச்சி. நமக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாது. கத்துக்கிடலாம்லா.”

“கத்துக்கிட வரல. களவாங்க வந்திருக்கார்.”

சூரணம் சலித்துக்கொண்டிருந்த உலகம்மாள் சல்லடையை இன்னொரு தட்டு தட்டினார்.

பக்கத்து அறையில் கொத்தனார் சேர்மதுரை படுத்திருந்தார். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். படுத்தே கிடந்ததில் வயிறு இறுகிப்போயிருந்தது. அன்று காலையில்தான் ஆவுடையப்பன் அவருக்கு வயிறு இளக நிலாவாரைச் சூரணம் கொடுத்திருந்தார்.

ராவுத்தர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அண்ணாச்சி, கொத்தனாருக்கு வயித்துக்கு ஏதும் குடுத்தியளா?”

தூண்டில் போடுகிறார் என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

“ஒண்ணும் குடுக்கல. நீரு?”

“நான் எதுக்குக் குடுக்கப் போறேன்? என் சோலி எலும்போட சரி.”

சிரித்துக்கொண்டே போனார். அவர் இடுப்பில் ஒரு குப்பி புடைத்திருந்தது. ஆவுடையப்பன் அதையும் பார்த்து வைத்தார்.

வெயில் சாயுமுன் கொத்தனாருக்குக் கண் உள்ளே போய்விட்டது. வயிறு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நாக்கு வறண்டு, கூப்பிட்டால் பேச்சில்லை.

“எலும்பு கட்டத்தானே கொண்டாந்தேன்? உயிரையே உருவிட்டியளே!” என்று அவர் மனைவி கத்தினாள்.

“ராவுத்தர் என்னமோ குடுத்திருக்கார்ம்மா. இடுப்புல குப்பியைப் பார்த்தேன்” என்று உலகம்மாளிடம் சொன்னார் ஆவுடையப்பன்.

“இவருதான் என்னமோ குடுத்திருக்கார். கேட்டதுக்கு முழிச்ச முழியிலயே தெரிஞ்சுது.”

உலகம்மாள் கொத்தனாரின் நாடியைப் பிடித்தபடி கேட்டார்.

“யாரு என்ன குடுத்தீங்க? சொல்லுங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“இப்படி ஓரமா வாங்கம்மா, சொல்லுதேன்” என்றார் ஆவுடையப்பன்.

“எனக்கும் தனியாச் சொல்லணும்” என்றார் ராவுத்தர்.

உலகம்மாள் ஒரு மூலைக்குப் போனார். பிறகு மறு மூலைக்குப் போனார். திரும்பி வந்து, கொத்தனாரின் மனைவியிடம் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“காலையில பேதிக்குச் சூரணம். மத்தியானம் பேதிக்கு விளக்கெண்ணெய். போய் உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணி கொண்டாம்மா.”

ஆவுடையப்பன் அவசரமாகக் கொத்தனாரின் தோளைத் தூக்கப் போனார்.

“அப்படித் தூக்காதேயும், கட்டு நகர்ந்திரும்!” ராவுத்தர் தாவி வந்தார். “கையை இங்க குடும். முதுகுக்கு அடியில. ஆங்.”

ஒருவர் தாங்க, ஒருவர் கரண்டி கரண்டியாக ஊட்டினார். மறுநாள் விடிந்த பிறகுதான் கொத்தனார் ஒன்றுக்குப் போனார். உடம்பில் தண்ணீர் தங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வார் என்று கண்டு அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

ஆவுடையப்பன் உலகம்மாள் எதிரில் வந்து நின்றார்.

“தப்புதாம்மா. ஆனா மருந்தை வெளியாள் காதுல போடாதேன்னு உங்க அப்பா எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கார். எல்லாத்தையும் சொல்லி, நாளைக்கு ராவுத்தர் எடுத்துக்கிட்டுப் போயிட்டா?”

உலகம்மாள் சல்லடையைக் கையில் எடுத்தார்.

“உங்க சூரணமும் அவர் எண்ணெயும் கொத்தனார் வயித்துக்குள்ள ஒண்ணுகிட்ட ஒண்ணு எதையும் மறைக்கலையே, அண்ணாச்சி.”

மருந்தறையில் ராவுத்தரின் உரல் சத்தம் தொடங்கியது. கதவு திறந்துதான் இருந்தது. ஆவுடையப்பன் எட்டிப் பார்க்கவில்லை. முற்றத்துக்குப் போய், காயாத இலைகளைப் புரட்டிப் போட ஆரம்பித்தார்.